அப்டேட்: சின்ன கானா குரூப்புக்கு லைசன்ஸ் வேணுமா?

வியாசர்பாடில நாங்க பசங்க சேந்து கானா குரூப் வச்சிருக்கோம், கல்யாணம், காதுகுத்து, சாவு வீடுனு வாசிக்கிறோம், பிசினஸ் லைசன்ஸ் எடுக்கணுமான்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட்.

மாநகராட்சி தொழில் உரிமம் கடை, குடோன்னு ஒரு இடம் வச்சு தொழில் பண்றவங்களுக்கு, எங்களுக்கு ஆபீஸே கிடையாது. ஜிஎஸ்டி வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான், அந்தப் பேச்சே இல்ல.

நெஜமா மாட்டிக்கிறது ஸ்பீக்கர்லதான். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துல பர்மிஷன் வேணும், நைட் 10ல இருந்து காலைல 6 வரைக்கும் தெருவுல வைக்கவே கூடாது, திருவிழாவுக்கு அரசு 12 மணி வரைக்கும் விடலாம் ஆனா அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான். அதனால புக் பண்ற வீட்டுக்காரங்களே பர்மிஷன் வாங்கிடணும்னு அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிடப் போறோம், பாதில நிறுத்தினா கூட்டத்துக்கு முன்னாடி அசிங்கப்படுறது பாடுற பையன்தான், அது ரொம்ப வலிக்குதுங்க.

சினிமா பாட்டுக்கு ராயல்டி கேப்பாங்களான்னு ஒரு அண்ணன் கேட்டாரு. கல்யாண ஊர்வலம், கல்யாண விழாவுக்கு காப்பிரைட் சட்டத்துலயே விலக்கு இருக்குண்ணே. டிக்கெட் போட்டு நடத்துற ஷோ வேற.

அப்புறம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம்னு ஒண்ணு இருக்கு, எங்ககூட பறை அடிக்கிற பெரியவருக்கு அதுல பதிய அப்ளை பண்றோம்.