புது ராபின் ஹூட் நாவலில் மரியனைக் காணோமே, ஏன்?

செங்கழுநீர்:
ராபின் ஹூட் கதையை வைத்து எழுதிய புது நாவல் ஒன்றைப் பாதி முடித்திருக்கிறேன். நடை அபாரம், ஆனால் கதைதான் இடிக்கிறது. காடு ஷெர்வுட் இல்லை, யார்க்‌ஷயரில் உள்ள பார்ன்ஸ்டேல். ராஜா ரிச்சர்ட் இல்லை, எட்வர்ட். ராபினின் காதலி மரியன் தலைகாட்டவே இல்லை. ஏழைகளுக்கு யாரும் காசை அள்ளி இறைக்கவும் இல்லை. எழுதியவர் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டாரா? மீதியை ரசிக்க வேறு எதையாவது முதலில் படிக்க வேண்டுமா?

ஏட்டுப்பூச்சி:
மாற்றவில்லை சார், பழையதற்குத் திரும்பியிருக்கிறார். 1500 வாக்கில் அச்சான 'எ ஜெஸ்ட் ஆஃப் ராபின் ஹூட்' நெடும்பாட்டில் பார்ன்ஸ்டேலும் எட்வர்டும்தான் வருகிறார்கள். மரியனும், ராபின் கூட்டத்துத் துறவி ஃப்ரையர் டக்கும் அதில் கிடையாது. மே மாதத் திருவிழா ஆட்டங்கள் வழியாக ஒட்டிக்கொண்டவர்கள். ரிச்சர்ட் காலத்துக்குக் கதையை நகர்த்தியவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் மேஜர், 1521-இல் வந்த தன் வரலாற்று நூலில். ராபினைப் பிரபுவாக உயர்த்தியது 1598-இல் ஆன்டனி மண்டே எழுதிய நாடகங்கள். பாட்டில் அவன் யோமன், அதாவது பிரபுவும் இல்லை, பண்ணையடிமையும் இல்லை.

ஏழைகள் விஷயம்: ஏர் உழுகிறவனைத் தொடாதே, பிஷப்பைக் கட்டி வைத்து அடி, நாட்டிங்ஹாம் ஷெரீப்பை மறந்துவிடாதே என்று ஆட்களுக்கு உத்தரவு போடுகிறான். ஏழைகளுக்கு நல்லது செய்தான் என்பது கடைசியில் ஒரே ஒரு வரி. வாரி வழங்கும் வள்ளல் பிம்பம் பிறகு ஊதிப் பெருத்தது.

கருக்கல்:
ஜெஸ்ட் மொத்தம் 456 நாலடிப் பாட்டு, எட்டுப் பகுதி. முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் 1, 2, 4 போதும். பழைய எழுத்துக்கூட்டலில் தொடங்கினால் இரண்டாம் பக்கத்திலேயே சலித்துவிடும். எழுத்தை இன்றைக்கு ஏற்றபடி மாற்றிய பதிப்பை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள்.

கவனிக்க வேண்டியது விருந்துக் காட்சி. வழிப்போக்கனைப் பிடித்து வந்து வயிறாரச் சாப்பாடு போட்டு, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள். ராபினின் வலக்கையான லிட்டில் ஜான் மேலங்கியைத் தரையில் விரித்து எண்ணுவான். பத்து ஷில்லிங்தான் என்று உண்மை சொன்ன வீரனுக்கு, மடத்துக் கடனை அடைக்க 400 பவுண்டு கடன் கிடைக்கிறது. இருபது மார்க் (பவுண்டைவிடச் சிறிய பழைய பணக் கணக்கு) என்று புளுகிய துறவியிடம் 800 பவுண்டுக்கு மேல் தேறுகிறது, அத்தனையும் பறிபோகிறது. உங்கள் நாவலாசிரியர் இந்த ஜோடிக் காட்சியை என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை வெட்டினாலும் ராபின் வெறும் வழிப்பறிக்காரன் ஆகிவிடுவான்.

அடுத்து 'ராபின் ஹூட் அண்ட் தி மங்க்' என்ற பழைய பாட்டு, அப்புறம் 'ராபின் ஹூட் அண்ட் கை ஆஃப் கிஸ்போர்ன்' (Guy என்பது ராபினின் எதிரி பெயர்). பின்னதில் ராபின் அந்த எதிரியின் தலையை வெட்டி, வில் முனையில் செருகி, முகத்தைக் கத்தியால் கிழிக்கிறான். குழந்தைகளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

நாணொலி:
வில் காட்சிகளையும் உரசிப் பாருங்கள். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் கிடைத்த வில்கள் ஆறடிக்கு மேல் நீளம்; நாணை முழுக்க இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை விசை வேண்டும். ராபின் காலத்துக்குப் பிந்தியவைதான், ஆனாலும் போர் வில்லின் பளு எப்படிப்பட்டது என்று புரியும். அப்படி இழுத்துப் பிடித்தபடி அரைப்பக்கம் வசனம் பேச யாராலும் முடியாது. தோள் நடுங்கிக் குறி போய்விடும், மர வில்லுக்கும் கெடுதல். இழுத்த வேகத்தில் விட வேண்டியதுதான்.

குத்திய அம்பை இன்னொரு அம்பால் பிளப்பது 1820-இல் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' பரப்பிய வித்தை. ஜெஸ்டில் இலக்கு மெல்லிய குச்சி, அதைத்தான் பிளக்கிறான். உங்கள் நாவலில் குச்சி வந்தால், ஆசிரியர் ஐந்தாம் பகுதியைப் படித்திருக்கிறார் என்று நம்பலாம்.