தோற்றம் ஏமாத்தும்னு சொல்ற இங்கிலீஷ் இடியம்ஸ், எதை எங்க யூஸ் பண்றது?

சொல்தேடி:
வணக்கம். வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணுன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல நிறைய இடியம்ஸ் இருக்கே, 'ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்டு', 'டோன்ட் ஜட்ஜ் எ புக் பை இட்ஸ் கவர்', 'உல்ஃப் இன் ஷீப்ஸ் கிளோதிங்', 'டைமண்ட் இன் தி ரஃப்' இப்படி. கைடுல எல்லாத்துக்கும் "தோற்றம் ஏமாற்றும்"னு ஒரே அர்த்தம்தான் போட்டிருக்காங்க. அப்போ ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு எழுதலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கருங்குயில்:
மாத்திப் போட்டா பொருந்தாதுங்க. வெளிய பளபளன்னு இருந்து உள்ள சரக்கு இல்லன்னாதான் 'கிளிட்டர்ஸ்'. பெரிய சம்பளம், அழகான ஆபீஸ்னு ஆசை காட்டுற வேலை, உள்ள போனா கத்துக்க ஒண்ணுமே இல்ல, அதுக்கு இதைப் போடலாம். 'புக் கவர்' ரெண்டு பக்கமும் போகும், ஆனா பெரும்பாலும் சாதாரணமா தெரியற ஆளையோ பொருளையோ குறைச்சு எடை போடாதேன்னு சொல்லத்தான் வரும். 'டைமண்ட் இன் தி ரஃப்' இன்னும் கொஞ்சம் வேற, வெட்டாத வைரம் மங்கலா கூழாங்கல் மாதிரிதான் இருக்கும், அதனால திறமை இருக்கு ஆனா இன்னும் பட்டை தீட்டலங்கற ஆளுக்குப் பொருந்தும். பிரிட்டிஷ்காரங்க 'ரஃப் டைமண்ட்'னு சொன்னா பேச்சு முரட்டுத்தனமா இருந்தாலும் மனசு நல்ல மனசுன்னு அர்த்தம், இது ரெண்டையும் ஒண்ணா நினைக்காதீங்க.

'உல்ஃப்' மட்டும் தனி. நம்ம பசுத்தோல் போர்த்திய புலிதான். அதுல கெட்ட எண்ணம் இருக்கணும். பைபிள்ல மத்தேயு 7:15ல கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பத்தி எச்சரிக்கற இடத்துல வருது. மட்டமான போன் வாங்கி ஏமாந்ததுக்கெல்லாம் அதை எழுதினா சரியா இருக்காது.

உரைகல்:
கருங்குயில் சொன்னது கரெக்ட். தங்கத்தைப் பத்தி நானும் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. அந்த 'கிளிட்டர்ஸ்' வரி பிரபலமானது ஷேக்ஸ்பியரோட 'தி மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ்' நாடகத்தால, 2ஆம் அங்கம் 7ஆம் காட்சி. கதாநாயகி போர்ஷியாவைக் கட்டிக்க வர்றவங்க தங்கம், வெள்ளி, ஈயம்னு மூணு பெட்டில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், அவ படம் இருக்கற பெட்டியை எடுக்கறவனுக்குத்தான் அவ. மொராக்கோ இளவரசன் தங்கப் பெட்டியைத் திறக்கறான், உள்ள மண்டை ஓடு, அதோட கண்குழில இருக்கற சுருள்லதான் இந்த வரி. அவ படம் இருந்தது ஈயப் பெட்டில! ஆக பளபளப்புல மதிப்பில்ல, மங்கல்ல மதிப்பு இருக்குன்னு ரெண்டுமே ஒரே கதைல வந்துடுது. அவர் எழுதினது 'கிளிஸ்டர்ஸ்', 'கிளிட்டர்ஸ்' பிற்பாடு வந்து ஒட்டிக்கிச்சு.

'ஃபூல்ஸ் கோல்டு'னும் ஒண்ணு இருக்கு, அது நிஜமாவே ஒரு கனிமம், பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பாக்க தங்கம் மாதிரியே மின்னும், ஆனா சுத்தியலால அடிச்சா நொறுங்கும், தங்கம் தட்டையாகும். மெருகு போடாத பீங்கான்ல தேய்ச்சா தங்கம் மஞ்சக் கோடு விடும், பைரைட் பச்சையும் கருப்பும் கலந்த கோடு விடும். இதே வழில வந்ததுதான் 'ஆசிட் டெஸ்ட்', நைட்ரிக் ஆசிட் மட்ட உலோகத்தைக் கரைக்கும், தங்கத்தை ஒண்ணும் பண்ணாது. அதனால உண்மையான மதிப்பைக் காட்டிக் கொடுக்கற கடைசி சோதனைங்கற இடத்துல அதை எழுதுங்க.

சொல்தேடி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், இப்படி யாரும் பிரிச்சுச் சொன்னதில்ல. 'ட்ரூ கலர்ஸ்' எந்தப் பக்கம் வரும்?

கருங்குயில்:
அதுல கலர்ஸ்னா கப்பலோட கொடி. வேற நாட்டுக் கொடியைக் காட்டிக்கிட்டு பக்கத்துல வந்துட்டு அப்புறம் சொந்தக் கொடியை ஏத்துவாங்க. அதனால வேஷம் கலையற அந்த நேரத்துக்குத்தான் அது பொருந்தும், பெரும்பாலும் கெட்ட குணம் வெளிய வந்துச்சுன்னுதான் படிக்கறவங்க எடுத்துப்பாங்க. கஷ்டத்துல கூட நின்ன நல்ல ஃபிரெண்டைப் பத்தி எழுதறப்போ அதைத் தவிர்த்துடுங்க.