1,410 வெள்ளிதான் வித்தியாசமா? மலேசியாவில் சீனரும் நாமும்

தைப்பிங் மாறன்:
கிள்ளான் நேசன் வேறொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இது: "2019 குடும்ப வருமானக் கணக்கெடுப்பின்படி சீனக் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் 7,391 வெள்ளி (ரிங்கிட்). இந்தியக் குடும்பத்துக்கு 5,981 வெள்ளி. வித்தியாசம் வெறும் 1,410 வெள்ளி. தோட்டம், கங்காணி என்று இன்னும் எத்தனை காலம் அழப்போகிறோம்?"

அதே கணக்கெடுப்பில் சராசரி வருமானமும் இருக்கிறது. சீனர் 9,895, இந்தியர் 8,216. வித்தியாசம் 1,679 வெள்ளி. இரண்டு எண்களும் ஒரே அறிக்கையில் இருக்க, சின்னதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து "அழாதே" என்று ஊருக்கு உபதேசம் செய்கிறார். மேல்தட்டில் பணம் எங்கே குவிந்திருக்கிறது என்பது 1,410-ல் தெரியாது. அப்புறம், இது குடும்ப வருமானம். நம் வீடுகளில் ஆள் அதிகம், சீனர் வீடுகளில் குறைவு. அதே சட்டியில் உள்ள சோற்றை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கிள்ளான் நேசன்:
இவ்வளவு எழுதினீர்களே, 1,410 தவறு என்று எங்காவது சொன்னீர்களா? சொல்ல முடியாது. அரசாங்கப் புள்ளிவிவரம். 2016-ல் சீனர் 6,582, நாம் 5,428. மூன்றே ஆண்டில் நாம் 5,981-க்கு வந்துவிட்டோம். 553 வெள்ளி ஏறினோம். நம் பிள்ளைகள் படித்து, இரண்டு வேலை பார்த்து, வீடு வாங்கி முன்னேறியிருக்கிறார்கள். அதைப் பாராட்ட உங்களுக்கு மனமில்லை.

தைப்பிங் மாறன்:
உழைக்கும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, அதை என் வாயில் திணிக்காதீர்கள். 2016-க்குப் போனீர்கள் அல்லவா, அந்த ஆண்டின் சராசரியையும் பாருங்கள். சீனர் 8,750, இந்தியர் 7,150. வித்தியாசம் 1,600. 2019-ல் 1,679. இடைவெளி கூடியிருக்கிறது! நீங்கள் நம் ஏற்றத்தை மட்டும் சொல்கிறீர்கள்.

சிரம்பான் கலா:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். இடைநிலை என்பது எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். சராசரி என்பது மொத்தத்தைக் கூட்டி வகுத்தது. சில பெரும் பணக்காரர்கள் இருந்தாலே மேலே போய்விடும். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். எதைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

கிள்ளான் நேசன்:
கலா அக்கா, நன்றி. நடுவில் நிற்கும் குடும்பம் என்றால் சாதாரணக் குடும்பம். சாதாரணக் குடும்பத்துக்கு வித்தியாசம் 1,410. வழக்கு முடிந்தது.

தைப்பிங் மாறன்:
முடியவில்லை. அக்கா சொன்னதைச் சரியாகப் படியுங்கள். மேலே பணக்காரர்கள் அதிகம் என்பதால்தான் சீனரின் சராசரி ஏறுகிறது. அதைத்தானே நான் முதல் பதிவிலேயே சொன்னேன்? 1,679.

பழைய கிராணி:
நான் பேராக் தோட்டங்களில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த 1,410, 1,679 சண்டையைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. சீனன் முன்னேறியதற்குக் காரணம் ஒற்றுமை. அவர்களுக்கு வட்டாரச் சங்கம், குலச் சங்கம், வர்த்தகச் சங்கம் எல்லாம் இருந்தன. அறுபது சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளிகளைத் தங்கள் காசில் நடத்துகிறார்கள். லோக் இயூ கடைப் பையனாக வந்து ஈய முதலாளி ஆனார். நம்மவர்கள் சம்பள நாளன்று கள்ளுக்கடையில் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் கோபம் வரும்.

தைப்பிங் மாறன்:
கோபம் வராமல் என்ன செய்யும் ஐயா? தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையை அனுமதித்தது யார்? தொழிலாளியா, நிர்வாகமா? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பதுதான் பெரிய கோரிக்கை. அதாவது ஒரே நாட்டில் தமிழனுக்குக் கூலி குறைவு. அதைக் கேட்டதற்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். இது சோம்பேறிகளின் கதையா?

சீனரும் கடனில் வந்தவர்கள்தான், அதை மறுக்கவில்லை. லாருட்டிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈய லம்பத்தில் (சுரங்கத்தில்) செத்தவர்கள் ஏராளம். ஆனால் கடன் தீர்ந்தால் அவர்கள் பட்டணத்துக்குப் போகலாம், கடை வைக்கலாம். முதலாளியும் பெரும்பாலும் அவர்கள் மொழி பேசியவன், தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. நம் ஆட்களைச் சஞ்சி என்ற ஒப்பந்தக் கூலி முறையிலும், 1910-ல் அது ஒழிந்த பிறகு கங்காணி மூலமும் கொண்டுவந்து ரப்பர் காட்டுக்குள் வைத்தார்கள். வீடு தோட்டத்தின் வீடு, கடை தோட்டத்தின் கடை, பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. அங்கிருந்து லோக் இயூ எப்படி முளைப்பார்?

கிள்ளான் நேசன்:
ஆனந்த கிருஷ்ணன் முளைத்தாரே. பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். மேக்சிஸ், ஆஸ்ட்ரோ எல்லாம் அவர் கட்டியது. இரட்டைக் கோபுரம் எழுந்த திட்டத்திலும் அவர் இருந்தார்.

தைப்பிங் மாறன்:
அவர் யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம். அவர்களின் முன்னோர் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள். ஆங்கிலக் கல்வி இருந்தது. தோட்டத்துப் பிள்ளையோடு அதை எப்படி ஒப்பிடுவீர்கள்? உங்கள் 5,981-லும் இதே கோளாறுதான். "இந்தியர்" என்ற ஒரே பெட்டிக்குள் யாழ்ப்பாணத்தார், மலையாளி, பஞ்சாபி, செட்டியார், டாக்டர், வழக்கறிஞர், செம்பனைத் தோட்டத் தொழிலாளி எல்லாரும் இருக்கிறார்கள்.

சிரம்பான் கலா:
சீனர் பெட்டிக்குள்ளும் மீன்பிடிக்கிறவர் முதல் வங்கி முதலாளி வரை இருக்கிறார்கள். அந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும், மாறன்.

பழைய கிராணி:
யாழ்ப்பாணத்தான், மலையாளி என்று பிரித்துப் பேசுவதை நிறுத்துங்கள் தம்பி. நாங்கள் படித்தோம், வேலைக்கு வந்தோம். அது குற்றமா?

செம்பனைக்காட்டுப் பையன்:
படித்தது குற்றமில்லை ஐயா. என் தாத்தா பால்மரம் வெட்டியவர். பால் எடையில் குறைத்து எழுதிய கிராணியை அவர் சாகும்வரை மறக்கவில்லை. நீங்கள் வந்து எங்களுக்கு ஒற்றுமை பாடம் எடுக்கும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது.

பழைய கிராணி:
நான் ஒரு சல்லி குறைத்து எழுதியவன் இல்லை. ஒருத்தன் செய்ததற்கு எல்லாரையும் திட்டுவது என்ன நியாயம்?

கிள்ளான் நேசன்:
பார்த்தீர்களா, எண்ணைப் பற்றிக் கேட்டால் கிராணி கதை வருகிறது. சரி, வரலாறே பேசுவோம். சீனர் மட்டும் சொகுசாகவா இருந்தார்கள்? 1950-ல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிக்ஸ் திட்டம் வந்ததும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பிடுங்கிப் புதுக்கிராமங்களில் போட்டார்கள். பெரும்பாலும் சீனர். முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு ரேஷன். அதிலிருந்தும் எழுந்தார்கள். நம்மால் மட்டும் ஏன் முடியாது என்கிறீர்கள்? முடிந்தது, அதுதான் 1,410 என்கிறேன் நான்.

தைப்பிங் மாறன்:
புதுக்கிராமத்தின் கொடுமை எனக்கும் தெரியும். ஆனால் காலப்போக்கில் அங்கே பலருக்கு மனைக் குத்தகை கிடைத்தது. சாலையும் பட்டணமும் பக்கத்தில் வந்தன. தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்தவனுக்கு ஒரு அடி மண் சொந்தமில்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் போனது, வீடும் போனது. அதற்காகத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளியே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்கட்டும் என்று. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் இங்கே பிறந்த பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பிறகு 80-களிலும் 90-களிலும் தோட்டங்களை வீடமைப்புத் திட்டங்களாக மாற்றினார்கள். வெளியே வந்தவன் பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கில் குடிசை போட்டான். 2007 நவம்பர் 25-ல் ஹிண்ட்ராப் உரிமைப் பேரணிக்காகக் கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கில் மக்கள் இறங்கினார்களே, வித்தியாசம் 1,410 வெள்ளிதான் என்று கொண்டாடவா இறங்கினார்கள்?

இன்னொன்று. 1970-ல் நிறுவனப் பங்குகளில் சீனர் கையில் 27 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. இந்தியர் கையில் 1 விழுக்காடு சொச்சம். அடுத்த ஆண்டு மலாய்க்காரர் பங்கை உயர்த்தும் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தபோது சீனருக்கு இழக்கவாவது ஏதோ இருந்தது. நமக்குத் தொடங்கவே ஒன்றுமில்லை. சம்பளத்தை மட்டும் அளந்தால் கடை, நிலம், பங்கு எதுவும் கணக்கில் வராது. சம்பளக்காரன் வேலை போனால் மறுமாதமே தெருவுக்கு வருவான். 2020-ல் நோய்த்தொற்று வந்தபோது பார்த்தோமே.

கிள்ளான் நேசன்:
1970 எண்ணை வைத்து 2019-ஐ அடிக்கிறீர்கள். 1,410 என்பது 2019. உங்கள் பங்குக் கணக்கு அரை நூற்றாண்டு பழசு.

சிங்கை முத்து:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் சீனரைவிடவே அதிகம். ஆங்கிலமும் தகுதி அடிப்படையும் இருந்தால் நம்மால் முடியும். மலேசியாவில் நீங்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

தைப்பிங் மாறன்:
முத்து, அந்த எண்ணில் 90-களிலிருந்து இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசியும் குடிமகனும் ஆன கணினிப் பொறியாளர்களும் வங்கிக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். படித்தவனை இறக்குமதி செய்துவிட்டு எண் ஏறியது என்று எங்களுக்குப் புத்தி சொல்லாதீர்கள்.

சிங்கை முத்து:
இறக்குமதியா? நான் நான்காம் தலைமுறை. என் தாத்தாவும் செம்பவாங் கப்பல் பட்டறையில் கூலிதான். மலேசியத் தமிழர்களுக்கு எங்களைப் பார்த்தால் ஏனோ எப்போதும் எரிச்சல்.

செம்பனைக்காட்டுப் பையன்:
எரிச்சல் இல்லை அண்ணே. தினமும் விடியுமுன் ஜொகூர் பாலத்தைத் தாண்டி உங்கள் ஊரில் வேலை பார்க்கிறவர்களில் எங்கள் ஆட்கள் நிறைய. அவர்கள் அங்கே சம்பாதிக்கும் காசும் இங்கே குடும்ப வருமானத்தில்தான் சேரும். நேசன் அண்ணன் கொண்டாடும் ஏற்றத்தில் அதுவும் இருக்கும்.

கிள்ளான் நேசன்:
காசு எங்கிருந்து வந்தால் என்ன தம்பி? வீட்டுக்கு வருகிறதா இல்லையா? கூட்டினாலும் கழித்தாலும் 1,410.

பழைய கிராணி:
எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் காரணம், அரசாங்கம் காரணம் என்கிறார் மாறன். நம் கட்சியான ம.இ.கா. 1982-ல் தொடங்கிய முதலீட்டு நிறுவனம் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ன ஆனது? 66,000-க்கும் மேற்பட்டவர்கள் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. கடைசியில் 2010-ல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென். அதை யார் செய்தது, சீனனா?

தைப்பிங் மாறன்:
மைக்காவை நான் எங்கே ஆதரித்தேன்? தலைவர்கள்மீது எனக்கு உங்களைவிட அதிகக் கோபம் உண்டு. ஆனால் சீனர் எல்லாம் ஒற்றுமையாக ஜெயித்தார்கள் என்ற உங்கள் கதைக்கு ஒரு பதில்: 1986-ல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது. பணம் போட்டவர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஆக அவர்களும் தங்கள் ஆட்களிடமே ஏமாந்தார்கள். ஆனால் விழுந்தவனுக்குக் கீழே அண்ணன் கடையோ மாமன் பட்டறையோ இருந்தது. நம்மவனுக்கு அது இல்லை. நான் தொண்டை கிழியச் சொல்லும் சொத்து என்பது இதுதான். 1,679-ஐப் பாருங்கள் என்பதும் இதற்குத்தான்.

சிரம்பான் கலா:
1,679-ம் வருமானம்தான் மாறன், சொத்து இல்லை. நீங்களே வருமானம் வேறு, சொத்து வேறு என்று சொல்லிவிட்டு வருமான எண்ணையே சொத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறீர்கள். ஊழியர் சேமநிதியில் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், யாருக்குச் சொந்த வீடு, அதைப் பேசுங்களேன்.

தைப்பிங் மாறன்:
கலா அக்கா, நீங்கள் நேசன் பக்கம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சிரம்பான் கலா:
நான் யார் பக்கமும் இல்லை. இப்படிப் பேசினால் பெண்கள் இந்த இழைகளில் ஏன் எழுதுவதில்லை என்று கேட்காதீர்கள்.

கிள்ளான் நேசன்:
அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள் மாறன். அப்படியே 1,410 சரிதான் என்றும் எழுதிவிடுங்கள்.

தைப்பிங் மாறன்:
எதற்கு மன்னிப்பு? என் அம்மா விடியற்காலை நான்கு மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் களத்துக்கு, போய் என்னைப் படிக்க வைத்தார். அந்தத் தலைமுறையின் இழப்பை 1,410 என்று ஒருவர் எழுதும்போது நான் சும்மா இருக்க மாட்டேன். எத்தனை பக்கம் போனாலும் எழுதுவேன்.

பழைய கிராணி:
பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவன் நான். மழை நாளில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பச் சொன்னது துரை. வசவு வாங்கியது நான். அதையும் எழுதுங்கள்.

செம்பனைக்காட்டுப் பையன்:
வசவு உங்களுக்கு. அன்றைய கூலி போனது எங்களுக்கு, ஐயா.