ஆறு வருடப் பழைய கேமராவை மாற்றலாம் என்று பார்த்தால், விலைதான் ஏறியிருக்கிறது. உதவி தேவை

வாசல்விளக்கு எழுதியது:

வணக்கம். கேட்டைப் பார்த்தபடி ஒரு வைஃபை கேமரா வைத்திருக்கிறேன். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. 1080பி, 110 டிகிரி லென்ஸ், சன்ஷேடுக்கு அடியில் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேட் சுமார் ஐந்து மீட்டர். பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் இரவு உள்ளே நிறுத்தியிருந்த சைக்கிளை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். வீடியோவைத் திறந்தால், ஒருவன் முதுகைக் காட்டியபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறான். உள்ளே வந்தது பதிவாகவே இல்லை. கேட்டைத் தாண்டும்போது ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அப்பியது போல ஒரு வெள்ளைத் திட்டு. படம் முழுக்க மூட்டம் வேறு.

சரி, பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம் என்று அதே நிறுவனத்தின் இப்போதைய மாடலைப் பார்த்தேன். நான் அன்று கொடுத்ததைவிட விலை நன்றாகவே கூட. பெட்டியில் 2கே என்றும் ஏஐ என்றும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆள், வண்டி, நாய் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மாதச் சந்தா. முன்பு இலவசமாகக் கிடைத்த சில வசதிகளும் அந்தச் சந்தாவுக்குள் போய்விட்டன. ஆறு வருடத்தில் கைபேசிக் கேமரா எங்கேயோ போய்விட்டது, இது மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது? புதியது வாங்கினால் அந்த முகம் தெரியுமா, தெரியாதா? அதுதான் என் கேள்வி.

---

சால்டரிங்:

வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. இன்றைக்கு இரவு ஆப்பில் போய் நைட் விஷனை அணைத்துவிட்டு, கேட் பக்கம் சாதாரண விளக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூட்டம் போய்விட்டால் கேமரா கெடவில்லை என்று அர்த்தம். இருட்டில் பார்க்க அதிலேயே இருக்கும் ஐஆர் விளக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், சன்ஷேடின் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பி லென்ஸில் விழுகிறது. வெள்ளை அடித்த சன்ஷேடுக்கு ஒட்டினாற்போல மாட்டினால் இது தவறாமல் வரும்.

இன்னொன்று, லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருக்கிறதா? பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை நூல், ஐஆர் வெளிச்சத்தில் கயிறு மாதிரி ஜொலிக்கும். சிலந்திக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், கதகதப்பாக இருக்கும், பூச்சியும் வரும்.

---

நிழல்:

முகம் தெரியுமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

கண்காணிப்புக் கேமராக்களுக்காக 2014இல் வந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரக் குறிப்பில் ஒரு அளவுகோல் உண்டு. முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஆள்தானா என்று சொல்ல 125. ஆள் இருக்கிறான் என்று மட்டும் தெரிய 25 போதும்.

உங்கள் லென்ஸ் 110 டிகிரி. ஐந்து மீட்டர் தூரத்தில் அது சுமார் 14.3 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. 1080பி படத்தின் அகலமான 1920 பிக்சலை அதில் பரப்பினால் மீட்டருக்கு 134. மனித முகம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் அகலம், ஆக முகத்துக்குக் கிடைப்பது 21 பிக்சல். 2கே வாங்கினால் 2560 பிக்சல், மீட்டருக்கு 179. இன்னும் பற்றாது. 4கே வாங்கினால்தான் 269, அதுவும் பகலில்.

இப்போது இதே பழைய 1080பியை 50 டிகிரி லென்ஸோடு வைத்துப் பாருங்கள். ஐந்து மீட்டரில் அகலம் 4.7 மீட்டருக்குள் அடங்கிவிடும். மீட்டருக்கு 410 பிக்சல், முகத்துக்கு 66. அகல லென்ஸ் போட்ட 4கேயை ஒடுங்கிய லென்ஸ் போட்ட 1080பி தோற்கடிக்கிறது. பெட்டியில் பெரிதாகப் போட வேண்டியது இந்த டிகிரியைத்தான். போட மாட்டார்கள்.

---

கேபிள்காரன்:

நிழல் சொன்னதற்குத் தொடர்ச்சியாக, ஏன் முன்னேற்றம் நின்றது என்பதற்கு. கைபேசியில் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சில்லு, வருடத்துக்கு வருடம் பெரிதானது. வீட்டுக் கேமராவில் பெரும்பாலும் அதே 1/2.8 அங்குலம்தான். சோனியின் ஐஎம்எக்ஸ்307 இரண்டு மெகாபிக்சல், ஒவ்வொரு பிக்சலும் 2.9 மைக்ரான். ஐஎம்எக்ஸ்415 அதே 1/2.8 அங்குலத்தில் எட்டு மெகாபிக்சல், ஒவ்வொன்றும் 1.45 மைக்ரான். பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி. தனித்தனிப் பிக்சலுக்கு விழும் வெளிச்சமும் கால்வாசிதான். அதனால்தான் பல 4கே கேமராக்கள் பகலில் அள்ளும், இரவில் படம் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். 1/1.8 அங்குல சென்சார் போட்டால் தேவலை, ஆனால் அதற்கு லென்ஸும் பெரிதாக வேண்டும், விலையும் அந்தப் பக்கம் போய்விடும்.

விலை ஏறியதற்குக் காரணம் ஒன்றல்ல. 2020இல் சீனச் சிப் நிறுவனமான ஹைசிலிக்கான் மீது அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு இறுகியது. ஏகப்பட்ட கேமராக்களுக்குள் இருந்தது அவர்கள் சிப்தான், தயாரிப்பாளர்கள் வேறு சிப்புக்கு மாறி மென்பொருளை மறுபடி எழுத வேண்டி வந்தது. அதோடு சேர்ந்து 2022 வரை உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறியது. கேமராவுக்குள்ளும் ரேம் உண்டு, ஃபிளாஷ் உண்டு.

இதெல்லாம் உண்மை. ஆனால் சந்தா ஏறியதற்கு இதில் பாதிகூடக் காரணமில்லை என்பது என் எண்ணம். கேமராவைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய பிறகு யார் கழற்றப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

---

பழையமாடல்:

சந்தாவை ஒரேயடியாகத் திட்ட வேண்டாம் அண்ணா. வந்தவன் கேமராவையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் கார்டும் அவனோடு போகிறது. அப்போது கிளவுடில், அதாவது நிறுவனத்தின் சர்வரில், இருக்கும் பத்து நொடிதான் மிச்சம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

வாசல்விளக்கு, உங்கள் கேமராவில் எஸ்டி கார்டு இருக்கிறதா? அவன் உள்ளே வந்தது ஏன் பதிவாகவில்லை என்பதை யாரும் கேட்கவில்லையே.

---

வாசல்விளக்கு:

எல்லோருக்கும் நன்றி. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். வலை இருந்தது. ஒரு நூல் இல்லை, குடும்பமே குடியிருந்தது. துடைத்த பிறகும் மூட்டம் பாதி அப்படியே இருந்தது. நைட் விஷனை அணைத்துவிட்டு விளக்குப் போட்டதும் சுத்தமாகப் போய்விட்டது. சால்டரிங் சொன்னது சரி, சன்ஷேடுதான்.

பழையமாடல் கேட்ட கேள்விதான் வயிற்றெரிச்சல். கார்டு இருக்கிறது, 64 ஜிபி, கேமராவோடு வாங்கியது. திறந்து பார்த்தால் கடைசிப் பதிவு நான்கு மாதத்துக்கு முந்தையது. ஆப்பில் கார்டு நல்ல நிலையில் இருப்பதாகப் பச்சைப் புள்ளி. ஃபார்மேட் செய்தேன், முடிந்தது என்றது. கேமராவை அணைத்துப் போட்டால் பழைய கோப்புகள் எல்லாம் அப்படியே திரும்ப வந்து நிற்கின்றன. பேய் மாதிரி.

அப்படியானால் இத்தனை நாளும் எனக்கு இருந்தது கிளவுடின் இலவசத் துணுக்கு மட்டும்தான். அதில் ஒரு துணுக்கு எடுத்தால் அடுத்த ஐந்து நிமிடம் எதுவும் எடுக்காது. அன்றைய பட்டியலைப் பார்த்தேன். 2:04க்கு ஒரு பூனை. 2:09க்கு அவன் முதுகு. நடுவில்தான் வந்திருக்கிறான்.

---

சால்டரிங்:

பேய் இல்லை, ஃபிளாஷ் செத்துவிட்டது. எழுதும் ஆயுள் தீர்ந்த கார்டுகள் சில இப்படித்தான் படிக்க மட்டும் விடும், எழுதச் சொன்னால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எதுவும் செய்யாது. கேமராவுக்கு ஹை எண்டூரன்ஸ் என்று போட்ட கார்டுதான் வேண்டும். கைபேசிக்கு வாங்கும் சாதாரணக் கார்டு, இரவு பகலாக எழுதினால் தாங்காது.

அளவுக்குக் கணக்கு: நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஏறக்குறைய ஆறு நாள். அசைவுக்கு மட்டும் பதிவு என்பதை எடுத்துவிட்டுத் தொடர் பதிவு வையுங்கள். பூனைக்கும் திருடனுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும் வேலை இனி கிடையாது. இது மின்சாரத்தில் ஓடும் கேமராவுக்கு மட்டும் பொருந்தும். பேட்டரியில் ஓடுபவை தூங்கிக்கொண்டே இருந்து அசைவு கண்டால்தான் விழிக்கும், விழிப்பதற்குள் ஆள் பாதி தூரம் போயிருப்பான்.

---

நிழல்:

வெள்ளை முகத்துக்கும் வருகிறேன். ஐஆர் முழு வேகத்தில் எரியும்போது பக்கத்தில் வரும் ஆள் மேல் வெளிச்சம் கொட்டும், பின்னால் இருட்டு. கேமரா இருட்டைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சம் வாங்கும் அளவை, கூட்டும், முகம் வெளுத்துவிடும். ஆள் பக்கத்தில் வந்தால் ஐஆரைத் தானாகக் குறைக்கும் ஸ்மார்ட் ஐஆர் என்று ஏதாவது இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் சோதனைக்குப் போட்ட விளக்கையே நிரந்தரமாக வைத்துவிடுங்கள், லென்ஸுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில்.

விளக்கு இருந்தால் இன்னொரு லாபம், ஷட்டர். ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதுதான் அது, இருட்டில் பல கேமராக்கள் தானாக 1/15 நொடிக்கு இறங்கும். நடக்கிற ஆள் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் போவான், அந்த 1/15 நொடியில் ஒன்பது சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். முகத்தில் பாதிக்கு மேல். 4கே வாங்கினாலும் அந்த இழுவலைத்தான் 4கேயில் பார்ப்பீர்கள்.

---

கேபிள்காரன்:

சந்தாவிலிருந்து வெளியே வர வேண்டுமானால், செட்டிங்ஸில் ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் என்று தேடிப் பாருங்கள். ஆர்டிஎஸ்பி என்பது கேமராவின் வீடியோவை ஆப் இல்லாமல் நேராக எடுக்கும் வழி. பல கேமராக்களில் இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள். ஆன்விஃப் என்பது கேமராக்களுக்கான பொதுத் தரம், 2008இல் ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கியது. அது இருந்தால், ஆன்விஃப் தெரிந்த எந்த நிறுவனத்தின் ரெக்கார்டரோடும் பேசும். பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதில் ஃப்ரிகேட் என்ற இலவசப் பதிவு மென்பொருளைப் போடலாம், ஆள், வண்டி, நாய் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே பிரித்துச் சொல்லும், மாதாமாதம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கேமரா தரும் சின்ன அளவு வீடியோவை, அதாவது சப்ஸ்ட்ரீமைக் கொடுங்கள், பதிவுக்கு முழு அளவு மெயின் ஸ்ட்ரீம். இரண்டுக்கும் மெயினைக் கொடுத்துவிட்டு கணினி கொதிக்கிறது என்று வந்து நிற்காதீர்கள்.

பழையமாடல் பயந்த விஷயமும் இதில் தீர்கிறது. கேமராவைப் பிடுங்கினாலும் பதிவு உள்ளே இருக்கும் கணினியில். அப்புறம் கேமராவுக்கு இணையத்தை ரவுட்டரிலேயே அடைத்துவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களைத் தேடிப் பிடித்துத்தான் தன் படையில் சேர்த்தது.

---

பழையமாடல்:

புதிது வாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களுக்கான மேட்டர் என்ற பொதுத் தரத்தின் 1.5 பதிப்பு 2025 நவம்பரில் வந்தது, அதில்தான் முதல்முறையாகக் கேமராவைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஆப்பில் மாட்டிக்கொள்ளும் தொல்லை குறையலாம். அவசரமில்லாதவர்கள் கொஞ்சம் பொறுத்தால் நஷ்டமில்லை.

---

வாசல்விளக்கு (மூன்று வாரம் கழித்து):

புதுக் கேமரா வாங்கவில்லை. ஹை எண்டூரன்ஸ் கார்டு ஒன்று, கேட் தூணில் ஒரு விளக்கு, கேமராவைச் சன்ஷேடிலிருந்து இறக்கித் தலைக்குக் கொஞ்சம் மேலே, கேட்டிலிருந்து இரண்டரை மீட்டரில் மாட்டியது, இவ்வளவுதான் செலவும் வேலையும். தூரம் பாதியானதால் நிழல் சொன்ன கணக்குப்படி மீட்டருக்கு 250 தாண்டிவிட்டது. நேற்று இரவு என் தம்பியைத் தொப்பி போட்டு வரச் சொல்லிப் பார்த்தேன். தொப்பியின் தையல்கூடத் தெரிகிறது. சைக்கிள் போனது போனதுதான்.

ஆர்டிஎஸ்பி இருந்தது, மூன்று மெனுவுக்கு அடியில். ஃப்ரிகேட் ஓடுகிறது. இணையத்தையும் அடைத்துவிட்டேன். ஒரே ஒரு புதுப் பிரச்சினை. படத்தின் மூலையில் இருக்கும் நேரம் நாளுக்கு நாள் பின்தங்குகிறது. இப்போது ஒன்றரை நிமிடம் பிந்தி ஓடுகிறது. கேமரா போகப் போகிறதா?

---

கேபிள்காரன்:

இல்லை, அது என் தப்பு. சொல்ல மறந்துவிட்டேன். கேமரா இணையத்தில் நேரத்தைக் கேட்டுத்தான் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும், நாம் அந்த வழியையும் சேர்த்து அடைத்துவிட்டோம். கேமரா செட்டிங்ஸில் என்டிபி சர்வர், அதாவது நேரம் சொல்லும் சர்வர், என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள், சில ரவுட்டர்கள் நேரம் சொல்லும். உங்களுடையது சொல்லாவிட்டால் ஃப்ரிகேட் ஓடும் கணினியிலேயே என்டிபி சேவையைப் போட்டு அதன் முகவரியைக் கொடுங்கள்.

---

வாசல்விளக்கு:

ரவுட்டர் சொல்லவில்லை, கணினி சொல்கிறது. நேரம் சரியாகிவிட்டது. பூனை மட்டும் இன்றைக்கும் 2:04க்கே வந்தது.