மறு: ஜடர் என்பதற்கு 'இடறல்' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காணொளியில் அசைவு சீராக ஓடாமல் நின்று நின்று தாவும் கோளாறுக்கு ஆங்கிலத்தில் ஜடர் (judder) என்று பெயர். காணொளி மென்பொருளைத் தமிழாக்கும்போது இந்தச் சொல்லுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: குலுங்கல், நடுக்கம், அதிர்வு. மூன்றுமே திரையில் தெரிவதை ஓரளவு சொல்கின்றன. ஆனால் மென்பொருளின் பட்டியலில் இந்தச் சொல்லைப் பார்ப்பவர் அடுத்து எதைச் செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றும் அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் 'இடறல்' என்கிறேன்.

கோளாறு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) இரண்டும் தொலைக்காட்சித் தரமுறைகள். பால் முறையில் விநாடிக்கு 25 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள்; என்டிஎஸ்சி முறையில் 29.97. முதலாவதை இரண்டாவதாக மாற்ற மிக மலிவான வழி, ஐந்து சட்டகங்களுக்கு ஒன்றை இரண்டு முறை காட்டுவது. எதிர்த்திசையில் மாற்றும்போது ஆறில் ஒன்றைத் தூக்கி எறிவது. இரண்டிலும் விநாடிக்கு ஏறக்குறைய 5 முறை அசைவு ஒரு கணம் நிற்கும், அல்லது ஒரு படி தாவும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியிலும், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளிலும் இது அப்பட்டமாகத் தெரியும். அசையாத காட்சியில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு சட்டகத்தையும் தனியாக நிறுத்திப் பார்த்தால் குறை ஒன்றும் இருக்காது. காலம் மட்டும் சமமாகப் பங்கிடப்படவில்லை. ஒரே சீராக நடந்து போகிறவரின் கால் ஐந்தடிக்கு ஒரு தடவை இடறுவது போன்றது இது.

திரைப்படத்திலிருந்து வருவதும் இதே இனம்தான். விநாடிக்கு 24 சட்டகப் படத்தை 23.976 ஆகச் சற்றே மெதுவாக்கி, ஒரு சட்டகத்தை மூன்று ஃபீல்டுகளுக்கும் (ஃபீல்டு என்பது ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் மட்டும் கொண்ட பாதிச் சட்டகம்) அடுத்ததை இரண்டு ஃபீல்டுகளுக்கும் நீட்டி என்டிஎஸ்சிக்குக் கொண்டுவருவார்கள். ஒன்று 50 மில்லிவிநாடி நிற்கும், அடுத்தது 33 மில்லிவிநாடி. சமமாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட 42 நின்றிருக்க வேண்டும்.

> குலுங்கல் என்றால் யாருக்கும் உடனே புரியுமே.

புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும். கையில் பிடித்த கேமரா ஆடினால் வருவது குலுங்கல். அதற்கு மருந்து, படத்தை நிலைப்படுத்துவது. சட்டகத்தின் ஓரங்களை வெட்டி, உள்ளடக்கத்தை நகர்த்திச் சரிசெய்வது. ஜடர் உள்ள காணொளியை அந்த வழியில் விட்டால் ஓரம் போகும், கோளாறு அப்படியே இருக்கும். கலைச்சொல் தவறினால் பயனருக்கு நேரமும் படமும் சேர்ந்தே வீணாகும். எனக்கு இதுதான் முக்கியமான வாதம்.

> ஸ்டட்டர், ஜடர் இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

போதாது ஐயா. கணினி திணறிச் சட்டகங்களைத் தவறவிடும்போது வருவது ஸ்டட்டர். அதற்கு ஒழுங்கே கிடையாது, ஒரு முறை வந்த இடத்தில் மறுமுறை வராது, வேகமான கணினியில் ஓட்டினால் காணாமலே போகலாம். அதற்குத் 'திக்கல்' நன்றாகப் பொருந்தும். மாற்றத்தில் வந்த ஜடரோ கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது, எங்கே ஓட்டினாலும் அதே இடத்தில் அதே இடைவெளியில் வரும். சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்த்தால் ஆறுக்கு ஒரு முறை முந்தைய படமே திரும்ப வருவதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். 'நடுக்கம்' என்பதைச் சமிக்ஞையின் நேரப் பிசகான ஜிட்டருக்கு ஒதுக்கி வைப்போம்.

> சரி, இடறல் என்றே வைத்துக்கொண்டால், அதை நீக்குவதை எப்படிச் சொல்வது?

'இடறல் நீக்கம்'. ஆனால் அந்தப் பெயரில் என்னென்ன வேலைகள் அடங்குகின்றன என்பதையும் விளக்கத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் மூலத்தைப் பொறுத்து வழி மாறுகிறது.

பால் முறையில் உள்ளது திரைப்படமாக இருந்தால் புதுச் சட்டகமே தேவையில்லை. 25-ஐ 23.976 ஆக மெதுவாக்கி, ஒலியையும் அதே அளவு, ஏறக்குறைய 4 விழுக்காடு, நீட்டினால் போதும். முதலில் 24-ஐ 25 ஆக வேகப்படுத்தித்தானே பாலுக்குக் கொண்டுவந்திருப்பார்கள், அதைத் திருப்பிவிடுகிறோம். என்டிஎஸ்சியிலிருந்து வரும் திரைப்படமானால், திரும்பத் திரும்ப வந்த ஃபீல்டுகளை முதலில் களைந்து பழைய சட்டகங்களை மீட்க வேண்டும். அதைச் செய்யாமல் நேராக 25 ஆக்கினால் இடறலின் மேல் இன்னொரு இடறல் ஏறும், பிறகு பிரிப்பது பெரும்பாடு.

வீடியோ கேமராவில் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஃபீல்டு ஃபீல்டாக, எடுத்ததுதான் கடினம். அதில் விநாடிக்கு 50 தனித்தனிக் கணங்கள் பதிவாகியிருக்கின்றன. பலர் ஃபீல்டுகளை முழுச் சட்டகங்களாக்கும்போதே (டீ-இன்டர்லேஸ்) 25 சட்டகமாகச் சுருக்கிவிடுகிறார்கள். பாதி அசைவு அங்கேயே போய்விடுகிறது, அப்புறம் எந்த வடிகட்டியைப் போட்டாலும் திரும்பாது. ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுச் சட்டகமாக்கி 50 ஆக வைத்துக்கொண்டு, அதிலிருந்து 59.94-க்குப் போக வேண்டும். அதற்கும் இரு வழிகள். அக்கம்பக்கச் சட்டகங்களைக் கலப்பது ஒன்று: இடறல் குறையும், விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். அசைவைக் கணித்து இடைச்சட்டகம் வரைவது மற்றது: நன்றாக அமைந்தால் மிக அழகு, ஆனால் ஓடுபவரின் கால்கள், கம்பிவேலிக்குப் பின்னால் போகும் ஆள் போன்ற இடங்களில் படம் பிய்ந்துபோகும். எனக்குப் பிய்ந்த ஓரிரு சட்டகங்களைவிட எப்போதும் மங்கிய படம்தான் உறுத்துகிறது. இது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காணொளிகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் 'டிஜடர்' (dejudder) என்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. அது சட்டகங்களின் நேரக்குறிகளை, அதாவது ஒவ்வொன்றும் எப்போது தெரிய வேண்டும் என்ற குறிப்புகளைத்தான் சீராக்குகிறது, புதிய சட்டகம் எதையும் உண்டாக்காது. அதை 'இடறல் நீக்கி' என்று மட்டும் எழுதினால் எல்லா இடறலும் தீரும் என்று பயனர் நினைத்துக்கொள்வார். 'இடறல் நீக்கி: நேரக்குறி' என்று எழுதலாம்.

ஃபீல்டு வரிசை மாறிப்போய்ப் படம் முன்னும் பின்னுமாக ஆடுவதையும் இதே சொல்லில் சேர்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். அங்கே சட்டகம் எதுவும் கூடவோ குறையவோ இல்லை. வரிசையைத் திருப்பினால் உடனே சரியாகிவிடும். 'வரிசைப் பிழை' என்று நேரடியாகவே சொல்லிவிடலாம்.

பொதுச் சொற்றொடர்களில் 'இடறல்' தனியாக வந்தால் பொருள் மயங்கும் என்ற கவலை நியாயமானது. பலருக்கு இந்தச் சொல் முதலில் நினைவூட்டுவது வழியில் கிடக்கும் கல்லைத்தான். அத்தகைய இடங்களில் 'அசைவிடறல்' என்று முழுதாக எழுதலாம், பட்டியல்களில் 'இடறல்' போதும். வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: 'காட்சி இடறுகிறது', 'இடறாமல் மாற்று'.

ஃபீல்டுக்கு நான் 'அரைச்சட்டகம்' என்று எழுத விரும்பினேன், ஆனால் அது இன்னும் முடிவாகாததால் ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். அதையும் அடுத்ததாக எடுத்துக்கொள்வோமா?

அன்புடன்.