சபாத் மாலை வழிபாட்டுக்கு வயலின்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள சீர்திருத்த யூத சபையில், வரும் வெள்ளிக்கிழமை இசையோடு கூடிய சபாத் வழிபாடு (சபாத் என்பது வெள்ளி மாலை தொடங்கும் யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள்). கித்தாரும் கீபோர்டும் ஏற்கெனவே உண்டு. என்னை வயலினோடு அழைத்திருக்கிறார்கள். வைதீக யூதர்கள் சபாத்தில் வாத்தியம் வாசிப்பதில்லை. இங்கே அந்தத் தடை இல்லை.

என் கவலையெல்லாம் 'லெகா தோதி' பாடலைப் பற்றித்தான். 16ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்ரேலில் உள்ள சஃபேத் நகரில் யூதக் கவிஞர் ஷ்லோமோ அல்கபெட்ஸ் இயற்றியது. சபாத்தை மணப்பெண்ணாக வரவேற்கும் பாட்டு. பல சபைகளில் ஆறாவது கண்ணியில் மெட்டு மாறிவிடுமாம். கடைசிக் கண்ணியில் எல்லோரும் எழுந்து, வாசல் பக்கம் திரும்பித் தலைவணங்குவார்கள். அந்த இடத்தில் வாசித்துக்கொண்டே இருப்பதா, குரல்களுக்கு வழிவிட்டு நிறுத்துவதா? வாத்தியக்காரரும் திரும்ப வேண்டுமா?

இன்னொன்று. இந்த மாலை வழிபாட்டுக்குரிய 'அதோனாய் மலாக்' என்ற யூத இசை முறையின் (நம் ராகம் போன்றது) ஸ்வரங்கள் பெரும்பாலும் நம் ஹரிகாம்போஜி ராகம்தான். கை தானாகவே கமகத்துக்குப் போகிறது, எனக்கு அது அழகாகவும் படுகிறது. ஆனால் அது அவர்களுடைய பிரார்த்தனை. என் கச்சேரி அல்ல. எந்த அளவுக்கு அடக்கி வாசிக்கலாம்?

இத்தகைய வழிபாட்டில் பாடியவர்கள், வாசித்தவர்கள், சென்று அமர்ந்தவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள். மெட்டு மாறும் இடம் தெளிவாகக் கேட்கும் ஒலிப்பதிவு இருந்தால் அவசியம் அனுப்புங்கள். புதன்கிழமை ஒத்திகை.