மண்டபம் வீடு: இரும்பா, காங்கிரீட்டா?

கார்த்தி: சித்தப்பா, ராமேசுவரம் பக்கம் மண்டபம் ஊரில் கட்டப்போகிற நம் வீட்டை முழுக்க இரும்பு ஃபிரேமிலேயே போட்டால் என்ன? சிமெண்ட்தான் பூமியைச் சூடாக்குகிறதாம்.

சேகர் சித்தப்பா: இரும்பு மட்டும் யோக்கியமா? உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் இரண்டுக்கும் ஆளுக்குச் சுமார் 7, 8 சதவீதம்.

மலர்: தாதுவை உருக்கும் ஊதுலையில் ஒரு டன் எஃகு எடுக்க 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். காங்கிரீட் டன்னுக்கு 100, 150 கிலோதான். ஆனால் எஃகு தாங்குவதைத் தாங்க அதைப்போலப் பல மடங்கு எடைக்குக் காங்கிரீட் கொட்ட வேண்டும். எடைக்கு எடை பார்த்துப் பயனில்லை.

கார்த்தி: பழைய இரும்பை உருக்கியது வாங்கினால்?

மலர்: நிறையவே குறையும். சிமெண்ட்டில்தான் அந்த வழி இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வந்துவிடும். எரிபொருளை மாற்றினாலும் அது போகாது.

பாக்கியம் அத்தை: முன்னே பவளப்பாறையை வெட்டி வந்து சுண்ணாம்பு சுட்டார்களே. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டு தீவும் அப்படித்தானே கடலுக்குள் போயின.

சேகர் சித்தப்பா: ஆமாம் அக்கா. கார்த்தி, நம் ஊரில் உப்புக்காற்றைக் கேட்டுத்தான் எதையும் கட்ட வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு, அதில் ரயில் ஓடிய வரை பெயிண்ட் அடித்து மாளவில்லை. வீட்டுக்கு யார் அடிப்பது, நீயா?

மீனா மதினி: 😂 காங்கிரீட் மட்டும் நிற்கிறதா? எதிர்வீட்டு பால்கனி அடியில் பூச்சு பெயர்ந்து, கம்பி ஏடு ஏடாக உரிந்து தொங்குகிறது. கட்டிப் பதினைந்து வருஷம் இருக்காது.

மலர்: கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன், பத்தாமல் உப்பு இறங்கியிருக்கும் மதினி. துருப்பிடித்தால் கம்பி ஊதும், காங்கிரீட்டைப் பிளந்துவிடும். இடித்து மறுபடி கட்டினால் கரியமில வாயுவும் இரண்டு மடங்குதானே? நான் ஸ்லாக் சிமெண்ட் போடச் சொல்வேன். இரும்பாலைக் கசடை அரைத்துக் கலப்பது. அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் சுடுவது மிச்சம், உப்பும் எளிதில் இறங்காது. இறுக நாளாகும், கியூரிங்கை (தண்ணீர் விட்டு ஈரமாகவே வைப்பதை) மட்டும் விடக் கூடாது.

சேகர் சித்தப்பா: கவர் எவ்வளவு வைப்பது?

மலர்: காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கடற்கரைக்கு 45 மி.மீ. சொல்கிறது. அலைத் தூறல் படுகிற இடமென்றால் 50. கவர் குறையாமல் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருகினால் உடனே ஃபோட்டோ அனுப்புங்கள்.

மீனா மதினி: மேஸ்திரி நம் போர் தண்ணீரிலேயே கலக்கலாம் என்கிறாரே?

மலர்: ஐயோ, வேண்டாம்! வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீர். கியூரிங்குக்கும் ஆகாது.

மீனா மதினி: அப்போ லாரித் தண்ணீர்தான். கார்த்தி, உச்சிப்புளியில் ஒரு லோடு என்ன விலை என்று கேட்டுச் சொல். திங்கட்கிழமை பூட்டிங், அஸ்திவாரக் காங்கிரீட்.

கார்த்தி: சரி மதினி.